பெரிசு மாற்றிப் படித்த வரி

பெரிசு, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். வீட்டில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் கூப்பிடுகிறார் என்று நீ ஒளிந்துகொள்வாய். நீ செத்துப்போனாய், நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைச் சொல்ல அப்போதுதான் வாய் வரும்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிசு என் அக்கா. நான் சின்னது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அக்கா எட்டாவது வரை படித்தாள். நான் மூன்றாவதோடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை வழக்கு. இதை நான் பாதி சொல்லியும் பாதி எழுதியும் காட்ட, பிழை திருத்திக் கொடுத்தவர் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். சிரிப்பு வருகிற இடங்களை எடுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை.

அக்காவுக்குக் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், மெழுகுவத்தி நேர்ந்துகொண்டோம். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினபோது தெருவே அழுதது. நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் அழாதவளை அப்படியே விடமாட்டார்கள். துக்கம் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்று எப்படியாவது அழவைத்துவிடப் பார்ப்பார்கள். அதற்குத் தலைமை, வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த அத்தை. "பொன்னே, மணியே, நான் பெத்த மயிலே" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவள் பெரிசைப் பெறவில்லை. உயிரோடு இருந்தபோது அவளைக் "கருவாடு" என்றுதான் கூப்பிடுவாள். நடுவில் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பிடித்தாள்.

"இன்னாடி இது. அக்காக்காரி போய்ட்டா, நீ கல்யாண வூட்ல பந்தி பாக்கறவ மாதிரி டம்ளர தூக்கிக்கினு சுத்திக்கினு கீற. அயுவுடி."

"வர்ல அத்தை."

"வர்லயா? அது இன்னா பஸ்ஸா, நின்னு பாத்துக்கினு இருக்க?"

பக்கத்து வீட்டுக்காரி ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து என் மூக்கருகே நறுக்கினாள். அவள்தான் அழுதாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நறுக்கின வெங்காயத்தை முந்தானையில் முடிந்து அவளே கொண்டுபோய்விட்டாள். இன்னொருத்தி என் தோளைப் பிடித்து, "உனுக்கு ஜடை பின்னி உடுவாளே, நெனச்சுப் பாரு" என்றாள். நினைத்துப் பார்த்தேன். "இஸ்து இஸ்து பின்னுவா. மண்டையே வலிக்கும்" என்றேன். அவள் தோளை விட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அத்தை தீர்ப்பு சொன்னாள்.

"கூடப் பொறந்தவ ஒரு சொட்டு தண்ணி உடலன்னா, மோட்சத்துக்குப் போறதுக்கு மின்ன உத்தரிக்கிற ஸ்தலத்துல அந்த ஆத்துமா தாகத்துலயே கெடக்கும். நான் சொல்லல, பெரியவங்க சொன்னது."

உபதேசியாரிடம் கேட்டேன். ஞானோபதேசத்தில் அப்படி எதுவும் இல்லை என்றார். ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காமாலையில் கடைசி நாட்களில் அக்கா தண்ணீர் தண்ணீர் என்றுதான் கேட்டாள். அங்கே போயும் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து முயன்றேன். கண் சிமிட்டாமல் பார்த்தேன். என்னை நானே கிள்ளிக்கொண்டேன். தொடை கன்றிப்போனதுதான் மிச்சம்.

இனி இறால் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மீன்பிடித் துறைக்குப் போகிற வழியில் அந்தக் கொட்டகை. இறாலை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. வரிசையாகக் குந்திக்கொண்டு, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, கறுப்புக் குடலை இழுத்துப் போட்டு, ஐஸ் கிடக்கிற தட்டில் போட வேண்டும். அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம்.

மத்தியானத்தில் அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கவிழ்த்த மரப்பெட்டி மேல் ஏறி உட்காருவாள். பழைய பேப்பர் கடையில் வாங்கின வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு சிறுகதை படிப்பாள். அவள் வேலை கெடக்கூடாது அல்லவா? ஒவ்வொருத்தியும் தான் உரித்ததில் ஒரு கைப்பிடி எடுத்து அவள் தட்டில் போடுவாள். கதை நன்றாக இருந்தால் பெரிய இறாலாக விழும். கதை சரியில்லை என்றால் கூனிப்பொடியாக விழும். எழுதினவருக்கு அது தெரியாது. படித்தவள்தான் அனுபவித்தாள்.

காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிடுகிற கூட்டம் இல்லை அது. கதையில் ஒரு பெண்ணுக்கு மனசு உடைகிற இடம் வந்தாலே கொட்டகையில் விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"அவள் இதயம் கண்ணாடியாய் நொறுங்கியது" என்று அக்கா படிப்பாள்.

"அப்பறம் யாரு பெருக்கனது?" என்று ஒரு குரல் வரும்.

"எல்லாத்தையும் ஒடச்சிட்டுப் போயிடறானுங்க. கால்ல குத்தாது?"

"அவள் கண்களில் கங்கை பெருக்கெடுத்தது."

"எங்க தெருக் கொயாயில காத்துதான் வருது. அந்தப் பொண்ண கொஞ்சம் இட்டுக்கினு வாயேன்."

"அவள் சிலையாய் நின்றாள்."

"இன்னா சிலைமே? மாதா சிலையா, பீச்சுல புச்சா வெச்சாங்களே அந்த மாதிரியா?"

"பீச்சு சிலைன்னா தலையில காக்கா எச்சம் போடுமே."

"அதான், மனசு ஒட்ஞ்சு போய் நிக்கிறவ அத்த கூட தொடைக்கமாட்டா. கரெக்டாதான் எய்தி கீறான்."

இப்படிச் சண்டை வளர்ந்தால் கதை நின்றுவிடும், அக்கா தட்டில் இறாலும் நின்றுவிடும். அதனால் அக்கா ஒரு வேலை செய்தாள். இந்த மாதிரி இடம் வந்தால் அச்சில் இருப்பதை விட்டுவிட்டு, கொட்டகைக்கு ஏற்ற மாதிரி தானே ஒன்றைச் சொல்லிவிடுவாள். கண் பத்திரிகை மேலேயே இருக்கும், குரல் மாறாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியாது. செத்த பிறகுதான் தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் வரவர நன்றாக எழுதுகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அக்காவுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் திருவொற்றியூரில் பாக்டரி வேலை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தார்கள். இரண்டு ஞாயிறும் அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மூன்றாவது ஞாயிறு வேறு ஜோடிகள் பெயரெல்லாம் வாசித்தார்கள், எங்களுடையது வரவில்லை. சாமியார் மறந்துவிட்டார் என்று அப்பா எழுந்து நின்று கையை உயர்த்தினார். பக்கத்தில் இருந்தவர் இழுத்து உட்காரவைத்தார். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் வசதியான இடமாகப் பார்த்துவிட்டார்களாம். முந்தின ராத்திரிதான் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். எங்களிடம் சொல்ல அவர்களுக்கு நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். அக்கா குழம்பைச் சூடு பண்ணினாள்.

"உடும்மா. அந்த ஆளுக்குக் காது பெருசு. கொயந்தைக்கும் அதே வந்தா பூசையில பின்னாடி கீறவங்களுக்குப் பீடமே தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். இவள் கெட்டிக்காரி, இவளுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து மீன் குழம்பு சாப்பிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. கொட்டகையில் அவள் படித்த கதையிலும், நிச்சயமான கல்யாணம் நின்றுபோன ஒரு பெண் வந்தாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்கிற இடத்தில் அக்கா இப்படிப் படித்தாள்:

"ஐஸில் ரொம்ப நேரம் கையை வைத்திருந்தால் வலிக்காது. வெளியே எடுத்த பிறகுதான் வலிக்கும். அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை."

யாரும் இன்னா ஐஸு என்று கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் தட்டில் விழுந்ததெல்லாம் பெரிய இறால்.

"எய்தறான் பாருமே" என்றாள் ஒருத்தி.

எங்களோடு எண்ணூரிலிருந்து ரயிலில் வந்து வேலை செய்கிற ஒருத்தி இருந்தாள். எண்ணூர்க்காரி என்றே கூப்பிடுவோம். அவளுக்கும் ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. அந்தக் கதை தன் கதைதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தன் விஷயமும் தெரிந்து, ஐஸைப் பற்றியும் தெரிந்தவன் யார்? யோசித்தாள். கொட்டகைக்கு ஐஸ் கொண்டுவருகிற வண்டிக்காரர் இருந்தார். பெண் பெயரில் ஆண்கள் கதை எழுதுகிற காலம் அது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். போதாதா? அடுத்த நாள் ஐஸ் வண்டி வந்ததும் போய் நின்றாள்.

"யோவ், நீதான எய்தன?"

அவருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது, கட்டைவிரல்தான். ஆனால் அவளை அவருக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கும். கோணிப்பையை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"புடிக்கலயா?" என்றார்.

"புடிச்சிக்கீது. ஆனா என்னக் கேக்காம எய்தனது தப்பு."

"இனிமே கேட்டுட்டு எய்தறேன்."

அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. ஐஸ் கட்டியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். "அட்த்த வாரம் இன்னா கதைங்க?" என்று கொட்டகை மேஸ்திரி கேட்டால், "இன்னும் வர்ல, வந்தா சொல்றேன்" என்பார். அக்கா அதைப் பார்த்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள். ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த வருஷம் எண்ணூர்க்காரிக்கும் ஐஸ்காரருக்கும் கல்யாணம் ஆயிற்று. மூன்று ஓலையும் ஒழுங்காக வாசித்தார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

எண்ணூர்க்காரிக்குப் படிக்கத் தெரியாது. புருஷன்தான் அந்தக் கதையை எழுதினார் என்று இன்னமும் நம்புகிறாள். இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்த இடத்தை மட்டும் மாற்றிப் படித்துவிடுங்கள்.

அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் அக்காவுக்குக் காமாலை வந்தது. வேறு இடம் பார்த்தோம், அவள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். நாங்களும் அதற்கு ஒரு காரணம் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குக் கொட்டகையே வந்திருந்தது. சாமியார் தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதுசு. பிரசங்கத்தில் உருக்கமாக ஆரம்பித்தார்.

"நம்மிடையே மணம் வீசிய ஒரு மலர் உதிர்ந்துவிட்டது."

"இன்னா பூவு சாமி?" என்று பின்னால் ஒரு குரல். கேட்டவள் வேண்டுமென்று கேட்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

சாமியார் பாவம், விசுவாசத்தில் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார். "லீலி மலர் என்று வைத்துக்கொள்ளலாம், அம்மா" என்றார்.

"அது இங்க கெடைக்காது சாமி."

"கனகாம்பரம்னு போட்டுக்க சாமி. அதான் வெச்சிப்பா. ஆனா அதுல வாசன வராது."

சாமியார் பிரசங்கத் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மணம் வீசாத ஒரு மலர்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினால் மூக்கு வழியாக வந்தது. அடக்கமுடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அக்காவுக்காக வைத்த பூசையில், கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு.

வெளியே வந்ததும் அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"அயுவாததுகூட போவட்டும். சிரிக்கிறா. இவ ஒடம்புல ஓடறது ரத்தமா, ரசமா?"

யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மாகூட. அதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து நான் வேலைக்குப் போன நாளில், எண்ணூர்க்காரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அந்தப் பழைய பத்திரிகை. அக்காவிடம் அப்போதே கேட்டு வாங்கிக் கல்யாணப் புடவையோடு பெட்டியில் வைத்திருந்தாளாம், பாச்சாவுருண்டை வாசம் அடித்தது.

"பெரிசு போனதுல இருந்து இங்க ஒரு கதை இல்ல. சின்னது படிக்கட்டும். இந்தக் கதைய படிக்கட்டும்."

"எனுக்கு எய்த்துக் கூட்டிதான் படிக்க வரும்."

"கூட்டு. நாங்க எங்கியும் போவல."

மரப்பெட்டி மேல் ஏற்றிவிட்டார்கள். ஐஸ்காரரும் வாசலில் நின்றுகொண்டார். நான் ஒவ்வோர் எழுத்தாக இடித்துக்கொண்டு படித்தேன். அவர்கள் உரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். கல்யாணம் நின்றுபோகிற இடம் வந்தது. அதற்கு அடுத்த வரி:

"அவள் கல்லாய்ச் சமைந்தாள்."

மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். பக்கத்தைத் திருப்பி அந்தப் பக்கமும் தேடினேன். கதையே முடிந்துவிட்டது. ஐஸ் எங்கேயும் இல்லை.

"ஐஸு எங்கடி? கூட்டத் தெரியாம உட்டுட்டியா?" என்றாள் எண்ணூர்க்காரி.

வாசலில் ஐஸ்காரர் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. எழுதினவர் கல் என்றுதான் எழுதியிருக்கிறார். ஐஸ் என்றது அக்கா. மூன்றாவது ஓலை வராத ஞாயிற்றுக்கு மறுநாள். வீட்டில் காது பெரிசு என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்துவிட்டு, இங்கே வந்து, இத்தனை பேர் நடுவில், தனக்கு எப்படி இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் கேட்டோம். கேட்டுவிட்டு வேறு யாரோ எழுதினவனைப் புகழ்ந்தோம். நான் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி முய்க்கற? படி."

அவள் வரியை நான் சொல்லியிருக்கலாம், எனக்கு மனப்பாடம்தான். ஆனால் என் வாயில் அது வரவில்லை. எனக்கு இருப்பது அது இல்லை. அதனால் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே, என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரில அவளுக்குப் பல்லு புடுங்க ஊசி போட்டாங்க."

"கதையில ஆஸ்பத்திரியே இல்லியே."

"கம்முனு கேளு. எந்தப் பல்லு?" என்றாள் இன்னொருத்தி.

"கடவாப் பல்லு. ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போச்சு. தொட்டா அடுத்தவங்க கன்னத்த தொடற மாதிரி கீது. டீ குட்ச்சா வயிஞ்சு மார்ல ஊத்துது, அது தெரியல. சோறு துன்னா. பாத்தா, சோத்துல ரத்தம். யாரு ரத்தம்னு தேடறா. அவளே கன்னத்த மென்னு கீறா. வலிக்கல. பாக்கறவங்க, இவளுக்கு இன்னா, நல்லா துன்றாளேங்கறாங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"அப்பறம்? ஊசி எறங்கிச்சா?"

"இன்னும் எறங்கல. முப்பது நாள் பூசையும் ஆயிடுச்சு, எனுக்கு எறங்கல."

பிறகு வயதான ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"கதையில வர்றவளுக்கா, உனுக்கா?"

கதையில் வருகிறவளுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது. அது அழுகை என்று எனக்கே முதலில் தெரியவில்லை, மாடு கத்துகிற மாதிரி இருந்தது. எண்ணூர்க்காரி ஓடிவந்தாள். என்னைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஈரம் படாமல் பத்திரிகையை முதலில் பிடுங்கிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, பிறகு என்னைப் பிடித்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், அதெல்லாம் இறால் தண்ணீர், கண் இன்னும் எரிந்தது. மேஸ்திரி என்னவோ விபத்து என்று ஓடிவந்து, கண்ணில் முள் குத்திவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல நைனா. அக்கா செத்துட்டா" என்றேன்.

அவருக்கு ஒரு மாதமாகத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் இப்போதுதான் கேட்கிறவர் மாதிரி தலைப்பாகையைக் கழற்றினார்.

அன்று வேலை முடிகிறவரை அழுதேன். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வலித்தது. அம்மாவிடம் அந்த ஐஸ் வரியைச் சொன்னபோது அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். அப்புறம் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அத்தை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பாக்கலியே" என்கிறாள். கொட்டகையிலிருந்து சாட்சிகளை அழைத்துவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிசு, உனக்கு இன்னும் தாகமாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதது போதுமா என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, தனக்கு வலிப்பதைச் சொல்லியும் நாங்கள் யாரும் காதில் வாங்காத என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.